கரியும் காற்றும் கட்டுக்கதையும்

கற்பிட்டிக் குடாநாட்டின் தென்பகுதியில், நுரைச்சோலைக் கடற்கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு காட்சிகள் தெரியும். ஒன்று, 150 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் புகைபோக்கி. இலங்கையின் ஒரேயொரு நிலக்கரி மின் நிலையமான லக்விஜயவினுடையது அது. மற்றொன்று, மாம்புரிப் பக்கத்தில் வரிசையாக நின்று சுழலும் காற்றாலைகள். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் ஒரே காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. அங்கே இறக்கைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. இங்கே கரிப்பொடியையும் சாம்பலையும் வாரியெடுத்து மிளகாய்த் தோட்டங்களிலும் வெங்காயப் பாத்திகளிலும் படியச் செய்கிறது. இது இவ்வூர் விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லிவரும் முறைப்பாடு.

இவ்விரண்டு காட்சிகளோடு மூன்றாவது ஒன்றும் இங்கே உலவுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்கும். "பூமி சூடாகிறது என்பது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை". "கரி மின்சாரமே மலிவு". "காற்றாலை மழையை விரட்டிவிடும்". "கூரையிற் பூட்டிய சூரியத் தகடுகள்தாம் நாட்டை இருளில் தள்ளுகின்றன". தேநீர்க் கடையிலும் பேருந்திலும் மட்டுமல்ல, படித்தவர்கள் கூடும் ஆசிரியர் அறைகளிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

அறியாமையின் விளைவு என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்படி ஒதுக்குவது பிழை. பொய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அதை விதைத்தவர் உண்டு. அது முளைக்க ஏற்ற நிலமும் உண்டு. விதைத்தவர் யார் என்பதை ஆராய்வது எவ்வளவு அவசியமோ, நிலம் ஏன் பண்பட்டிருந்தது என்பதை ஆராய்வதும் அவ்வளவு அவசியம். இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கூறும் ஊர்களுள் ஒன்று நுரைச்சோலை.

வெயிலும் காற்றும் புதியவை அல்ல

சூரியனையும் காற்றையும் வேலைக்கு அமர்த்துவது அண்மையில் மேனாடுகளிலிருந்து வந்த நாகரிகம் என்று எண்ணுவோர் புத்தளத்து உப்பளங்களைப் பார்க்க வேண்டும். பாத்தியிற் கட்டிய உவர்நீரை வெயில் காய்ச்சுகிறது. காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு போகிறது. தொழிலாளியின் கை உப்பை வாரிச் சேர்க்கிறது. நூற்றாண்டுகளாக நடந்துவரும் தொழில் இது. கடலில்லாத கண்டி இராச்சியம் தன் உப்புக்குப் புத்தளம், சிலாபம் முதலிய கரைகளை நம்பியிருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக்கொண்ட ஒல்லாந்தர், உப்பைக் கையில் வைத்துக்கொண்டு கண்டியை நெருக்க முடிந்தது. பின்வந்த ஆங்கிலேயர் உப்பை அரசாங்கத்தின் தனியுரிமை ஆக்கினர். வெயில் எல்லோருக்கும் பொது. அது விளைவித்த உப்போ ஆள்பவனுக்குச் சொந்தம்! இயற்கை தரும் ஆற்றல் பற்றிய கேள்வி என்றுமே விஞ்ஞானக் கேள்வி மட்டுமாக இருந்ததில்லை. அது யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் அதனோடு ஒட்டியே வந்திருக்கிறது.

மின்சாரத்தின் கதையும் அவ்வாறே. 1918இல் டி. ஜே. விமலசுரேந்திர என்னும் இலங்கைப் பொறியியலாளர், மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்று கணக்கிட்டு, இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். குடியேற்ற ஆட்சி அதற்கு ஊக்கம் தரவில்லை. பின்னர் தொடங்கிய வேலையும் இடையில் நின்றது. லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஆண்டு 1950. ஒரு சரியான கணக்குச் செயலாவதற்கு 32 ஆண்டுகள் சென்றன. அதன்பின் 1990களின் நடுப்பகுதி வரை இந்நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கை ஆறுகளே தந்தன. ஆகவே, தூய மின்சாரம் நமக்கு ஒவ்வாத பிறநாட்டுச் சரக்கு என்ற பேச்சு முதற்படியிலேயே பொய்த்துப் போகிறது. நிலக்கரிதான் இந்நாட்டு மின்சாரத்துக்குப் பின்னால் வந்த விருந்தாளி.

அந்த விருந்தாளி வந்த வழி

1996ஆம் ஆண்டு வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றின. நாடு நீண்ட மின்வெட்டைக் கண்டது. எண்ணெய் எரித்து மின்சாரம் பெறுவதோ செலவு மிகுந்த வழி. இந்நிலையில், நெடுங்காலமாகப் பேசப்பட்டுவந்த நிலக்கரித் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. அத்திட்டம் 1980களில் முதலிற் திருகோணமலையை நாடியது. அங்கே எதிர்ப்பு எழுந்தது. பின் தென்கரையிலுள்ள மாவெல்லவை நாடியது, அங்கும் எதிர்ப்பு. இறுதியிற் கற்பிட்டிக் குடாநாட்டை நோக்கித் திரும்பியது.

இங்கும் மக்கள் வாளாவிருக்கவில்லை. கரைவலை இழுப்போரும், மணல் நிலத்திற் கிணற்று நீர் இறைத்து மிளகாயும் வெங்காயமும் பயிரிடுவோரும் கேள்வி எழுப்பினர். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு அண்மையில் இப்படியொரு நிலையமா என்று சிலாபம் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர் எதிர்த்தனர். ஆட்சிகள் மாறத் திட்டமும் நின்றது, எழுந்தது, மீண்டும் நின்றது. இதே குடாநாட்டில்தான் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலரும் ஓலைக் குடிசைகளிற் தஞ்சம் புகுந்திருந்தனர். தமிழ் பேசும் முஸ்லிம்கள், கத்தோலிக்க மீனவர், இடம்பெயர்ந்தோர் - கொழும்பின் காதுக்கு எட்டாத குரல்கள் என்றால் இவர்களை விடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைக்குமா?

2006இற் சீன நிறுவனமொன்றும் சீன வங்கிக் கடனும் துணைவரக் கட்டட வேலை தொடங்கியது. 2011 மார்ச் 22இல் முதலாவது அலகு திறந்துவைக்கப்பட்டது. 2014 செப்டம்பர் 16இற் சீன சனாதிபதி ஷி சின்பிங் இலங்கைக்கு வந்திருந்த வேளையில் நிலையம் முழுமை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 300 மெகாவாற், மொத்தம் 900 மெகாவாற். செலவு ஏறத்தாழ 135 கோடி அமெரிக்க டொலர். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்நிலையம் தந்துவந்திருக்கிறது. குக்கிராமத்து வீட்டிலும் விளக்கெரிவதில் இதற்கும் பங்குண்டு. இதை மறைப்பது நேர்மையாகாது. பொய்யை எதிர்ப்பவன் முதலில் தன் பக்கத்துக்குப் பாதகமான உண்மையை ஒப்புக்கொள்ளப் பழக வேண்டும்.

ஆனால் மறுபக்கத்து உண்மையையும் சொல்லியாக வேண்டும். கட்டித் தந்தவர் யார் என்பதைப் பொறுத்துக் கரியின் நிறம் மாறுவதில்லை. மேற்கத்தியக் கம்பனி எரித்தால் நஞ்சு, நட்பு நாட்டின் இயந்திரம் எரித்தால் அமுது என்று வாதிப்பது விஞ்ஞானமும் அன்று, முற்போக்கும் அன்று.

மலிவு என்னும் சொல்

"கரி மின்சாரமே மலிவு." இது முழுப் பொய் அன்று, அதனாலேயே அதிகக் கவனத்துக்குரியது. எண்ணெய் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் நெடுங்காலம் இது மலிவாகவே இருந்தது. ஆனால் எந்தக் கணக்கேட்டில் மலிவு?

நிலக்கரி இலங்கையில் விளைவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் தொன் நிலக்கரி இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வரவேண்டும். நுரைச்சோலையில் ஆழ்கடற் துறைமுகம் இல்லை. கப்பல் வெளியே நங்கூரமிட, தட்டைப் படகுகளில் இறக்கிக் கரை சேர்க்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் இதற்கு இடங்கொடாது. ஆகவே ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கரியைச் சில மாதங்களுக்குள்ளே டொலர் கொடுத்து வாங்கிக் குவித்தாக வேண்டும். 2022இல் உலகச் சந்தையில் ஒரு தொன் நிலக்கரியின் விலை 400 டொலரையும் தாண்டியது. அதே ஆண்டில் இந்நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி வற்றி, எரிபொருள் வாங்க வழியின்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்ததை மறந்தவர் யார்? அந்த நாட்களிற் பரீட்சைக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் படித்த மாணவர் இன்று இக்கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கலாம். வெயிலுக்கு விலைச்சீட்டு இல்லை; காற்றைக் கப்பலில் ஏற்ற வேண்டியதும் இல்லை.

கணக்கேட்டில் எழுதப்படாத செலவு இன்னொன்று. இதனை வகுப்பறையிற் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். காபனின் அணுநிறை 12. அது எரியும்போது 32 பங்கு ஒட்சிசனோடு சேர்ந்து 44 பங்கு காபனீரொட்சைட்டு ஆகிறது. நல்ல நிலக்கரியில் மூன்றில் இரண்டு பங்களவு காபன். ஆகவே ஒரு தொன் கரி எரிந்தால் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட வாயு வெளியேறுகிறது. ஒரு தொன்னிலிருந்து இரண்டு தொன்னா என்று மலைக்க வேண்டாம். மிகுதி எடை காற்றிலிருந்து எடுத்த ஒட்சிசனுடையது. 22 இலட்சம் தொன் கரிக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் வாயு. இதற்கு எந்தப் பற்றுச்சீட்டும் எழுதப்படுவதில்லை.

சந்தேகம் என்னும் பண்டம்

"இந்த வாயுவாற் பூமி சூடாகிறது என்று யார் கண்டது?" இது அடுத்த கேள்வி. கண்டவர்களின் பெயரும் ஆண்டும் பதிவில் உள்ளன. 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு நிரம்பிய குழாயே கூடுதலாகச் சூடேறுவதைக் கண்டார். 1859இல் ஜோன் டிண்டல், வெப்பக் கதிர்களை இவ்வாயு உறிஞ்சுவதை ஆய்வுகூடத்தில் அளந்தார். 1896இற் சுவீடனின் சுவாந்தே அரீனியஸ், காற்றில் இவ்வாயு பெருகினாற் பூமி எவ்வளவு சூடேறும் என்று கையாற் கணக்கிட்டார். 1938இல் கலெண்டர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், சூடேற்றம் தொடங்கிவிட்டது என்று வெப்பநிலைப் பதிவுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார். 1958இல் சார்ல்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மலையுச்சியில் காற்றை அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்துக்கு 315 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அரசியல்வாதிகள் இது பற்றி வாய்திறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இதன் அடிப்படை அறியப்பட்டிருந்தது.

"சூரியனே கூடுதலாகக் காய்கிறது" என்று வேறு சிலர் கூறுவர். 1978 முதற் செயற்கைக் கோள்கள் சூரிய வெப்பத்தை நேரடியாக அளந்துவருகின்றன. பூமி சூடேறிய அதே காலத்திற் சூரிய வெப்பம் உயரவில்லை. அன்றியும், சூரியனே காரணமாயின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கோ குளிர்கிறது. போர்வை போர்த்தியவனின் உள்ளே வெப்பமும் வெளியே குளிரும் இருப்பது போன்ற நிலை இது.

கற்பிட்டி மீனவருக்கு இதைக் காட்ட ஹவாய்த் தீவுக்குப் போக வேண்டியதில்லை. குடாநாட்டின் கடலுக்கடியில் உள்ள பெரும் முருகைக்கற் பாறைத் தொடர் 1992இற் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இற் கடல்நீர் அளவுகடந்து சூடானபோது அங்கே முருகைகள் வெளிறிப் பெருமளவு மடிந்தன. 2016இல் மீண்டும் ஒரு வெளிறல். மீன் குஞ்சு வளரும் தொட்டில் அது. தொட்டில் சிதைந்தால் வலை வெறுமையாகும்.

இவ்வளவு தெளிவான ஒன்றைப் பற்றி இவ்வளவு சந்தேகம் எப்படி வந்தது? சந்தேகமும் ஒரு பண்டமாகத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்யப்பட்டது என்பதே வரலாறு தரும் விடை. 1950களில், புகைத்தல் புற்றுநோயைத் தரும் என்று மருத்துவர்கள் நிறுவியபோது, அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் அதை நேராக மறுக்கவில்லை; இன்னும் ஆராய வேண்டும், முடிவு தெளிவில்லை என்று நாட்களைக் கடத்தின. அந்த நாட்கள் அவற்றுக்கு இலாபமாயின. எண்ணெய்க் கம்பனிகளும் இதே பாடத்தைப் பயின்றன. எக்ஸன் கம்பனியின் மேலதிகாரிகளுக்கு அதன் விஞ்ஞானியொருவரே 1977இல் இந்த ஆபத்தை விளக்கினார். அக்கம்பனியின் ஆராய்ச்சியாளர் அக்காலத்திற் கணித்த சூடேற்றம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்று 2023இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. உள்ளே உண்மையை அறிந்திருந்த அதே கம்பனி, வெளியே பத்திரிகை விளம்பரங்களில் ஐயத்தைப் பரப்பியது. 1989இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார்க் கம்பனிகள் சேர்ந்து அமைத்த 'உலகக் காலநிலைக் கூட்டணி' பதின்மூன்று ஆண்டுகள் இதே வேலையைச் செய்து 2002இற் கலைந்தது. கூட்டணி கலைந்தது, அது விதைத்த சொற்கள் கலையவில்லை. நியூயோர்க் விளம்பரத்திற் பிறந்த வாக்கியம், பல மொழிகளைக் கடந்து நம் ஊர்த் தேநீர்க் கடைக்கு வந்துசேரும்போது, அதன் தகப்பன் யார் என்பது மறந்துபோகிறது. அது உழைப்பாளியின் சொந்தக் கருத்துப்போல் ஒலிக்கிறது.

ஒரு வாதம் மட்டும் நம்மவர் வாயில் நியாயம்போல் நிற்கிறது: "நாம் சிறிய நாடு, நாம் விடும் புகை எவ்வளவு?" உண்மை. உலகக் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடுவது ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவரோ அதைப்போல் பன்மடங்கு. இந்த உண்மையிலிருந்து பிறக்க வேண்டிய முடிவு, செல்வ நாடுகள் தம் கடனைச் செலுத்த வேண்டும் என்பது. நுரைச்சோலைக் குழந்தை சாம்பலைச் சுவாசித்தாற் குற்றமில்லை என்பது அன்று.

குரங்கும் சூரியனும்

இனி, அண்மையில் நாடே பேசிய கதைக்கு வருவோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியிற் தொட்டதே காரணம் என்றார் அமைச்சர். நாடே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் மற்றொரு விளக்கம் வந்தது: விடுமுறை நாளில் மின்தேவை குறைவு, சூரிய மின்சாரம் மிகுதி, அதனால் மின்வலையமைப்பு தளம்பித் தாங்க முடியாமற் போயிற்று. அன்றிலிருந்து "சூரியத் தகடுதான் நாட்டை இருட்டாக்கியது" என்பது பழமொழிபோல் ஆகிவிட்டது.

இதில் ஒரு பாதி உண்மை. நெல் குற்றும் ஆலையின் கனத்த சில்லு, விசை நின்ற பிறகும் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும் அல்லவா? நீர்மின், அனல்மின் இயந்திரங்களின் பெரும் சுழலிகளுக்கும் அந்தச் சடத்துவம் உண்டு. திடீர்த் தளம்பலை அது சில நொடிகள் தாங்கிக்கொள்ளும். சூரியத் தகட்டில் சுழல்வது ஒன்றுமில்லை. ஆகவே சூரிய மின்சாரம் பெருகும்போது, சேமிப்பு மின்கலங்களையும் நுட்பமான கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சேர்த்தாக வேண்டும். இது பொறியியற் பாடம்.

மற்றப் பாதியை வரலாறு சொல்கிறது. 2016 மார்ச் 13இலும் நாடு முழுவதும் இருண்டது. கூரைச் சூரிய மின்சாரத்தைப் பரப்பும் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசாங்கத் திட்டம் தொடங்கியதோ அவ்வாண்டு செப்டம்பரில். குற்றம் மார்ச்சில், குற்றவாளி செப்டம்பரில்! 2020 ஓகஸ்ட் 17இலும் 2021 டிசம்பர் 3இலும் நாடு இருண்டபோதும் கூரை மின்சாரத்தின் பங்கு சிறிதாகவே இருந்தது. 2025இல் இருள் நீடித்ததற்கு நுரைச்சோலையும் ஒரு காரணம். மூன்று அலகுகளும் நின்றுபோயின. அவற்றை உடனே மீள இயக்க முடியாமல் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது. உச்ச வேளையிலேயே மூவாயிரம் மெகாவாற்றை எட்டாத ஒரு நாட்டின் மின்தேவைக்கு, ஒரே இடத்தில் 300 மெகாவாற் அலகுகள் மூன்றைக் கட்டினோம். ஓர் அலகு தடுமாறினாலே நாடு தடுமாறும். இந்தப் பலவீனத்தைச் சொல்லாமல் வெயிலை மட்டும் கூண்டில் ஏற்றுவது விசாரணை ஆகாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 2016 செப்டம்பரிற் தென் அவுஸ்திரேலியாவிற் கடும் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்து மாநிலமே இருண்டபோது, அரசியல்வாதிகள் காற்றாலைகளைச் சாடினர். காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பிலும் குறை இருந்தது, அது திருத்தப்பட்டது. 2017 டிசம்பரில் அங்கே அக்காலத்து உலகின் மிகப் பெரிய சேமிப்பு மின்கலம் நிறுவப்பட்டது. 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் பனியில் உறைந்து இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும் பழி உடனே காற்றாலைமேல் விழுந்தது. பெரும் பங்கு இழப்போ எரிவாயு நிலையங்களும் குழாய்களும் உறைந்ததால் நேர்ந்தது. பழி முந்திக்கொள்கிறது, ஆய்வறிக்கை பிந்தி வருகிறது. இடைப்பட்ட அந்த நாட்களிற்தான் கட்டுக்கதை குடியேறிவிடுகிறது.

2025 ஏப்ரலிற் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சூரிய மின்சாரத்தைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டியது. விளைச்சல் மிகுமென்று அறிந்தும் களஞ்சியம் கட்டாமல் இருந்துவிட்டு, அறுவடை நாளில் விளைச்சலைக் குறை கூறுவதை ஒத்தது இது.

மழையை விரட்டும் காற்றாலை

காற்றாலை மழை மேகத்தை வெட்டிக் கலைத்துவிடும் என்ற நம்பிக்கை மராட்டியத்தின் வறண்ட மாவட்டங்களில் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் பரவியது. இந்தப் பேச்சு கடல் கடந்து நம் காற்றாலை ஊர்களிலும் கேட்கிறது. பருவமழை பல ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு எழும் ஈரக்காற்றின் விளைவு. காற்றாலையோ சில நூறு மீற்றருக்கு உட்பட்டது. கடலிலிருந்து வரும் பருவக்காற்றை அது நிறுத்துமென்பது, ஆற்றில் நட்ட கம்பு வெள்ளத்தை நிறுத்துமென்பது போன்றதே.

ஆனால் அந்த விவசாயியை எள்ளி நகையாடுமுன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மழை பொய்த்தது உண்மை. தன்னைக் கேளாமல், தன் நிலத்தருகே, தனக்கு மின்சாரமோ வருவாயோ தராத ஒரு கோபுரம் எழுந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கும் இடையில் அவன் தவறான முடிச்சுப் போட்டான். முடிச்சைத் தவறு எனலாம். அவன் துயரத்தைப் பொய் எனல் ஆகாது.

மன்னாரைப் பாருங்கள். 2020 டிசம்பரில் அங்கே 103.5 மெகாவாற் 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. அது மின்சார சபையின், அதாவது பொதுமக்களின், உடைமையாகக் கட்டப்பட்டது. பின்னர் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலை அமைக்க இந்தியாவின் அதானி குழுமத்துக்கு வழி திறக்கப்பட்டது. போட்டி விலைமனு ஏன் இல்லை, விலை ஏன் இவ்வளவு, வலசை வரும் பறவைகளின் வழி என்னாகும், தாழ்ந்த தீவில் வெள்ளம் எங்கே வடியும் என்று கேள்விகள் எழுந்தன. விலையை மீளப் பேச அரசாங்கம் முனைந்தபின், 2025 பெப்ரவரியில் அக்குழுமம் விலகிக்கொண்டது. அதே ஆண்டில், தீவில் மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று மன்னார் மக்கள் வீதிக்கு வந்தனர். இவர்களையெல்லாம் தூய மின்சாரத்தின் பகைவர், பொய்க்கு இரையானோர் என்று முத்திரை குத்துவது பெருந்தவறு. எங்கே கட்டுவது, யாருக்குச் சொந்தம், யாரைக் கேட்டுக் கட்டுவது என்பவை நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை மறுக்கப்படும் இடத்தில்தான் மழையை விரட்டும் கதை வேரூன்றுகிறது.

நுரைச்சோலையில் நடந்ததும் இதுவே. மக்கள் 'கரியால் எங்களுக்குக் கேடு வராதா?' என்று கேட்டபோது அது அறியாமை எனப்பட்டது. பின்னர் சாம்பல் பறந்தது. ஒருமுறை அதிகாரத்தின் வாக்கு பொய்த்ததைக் கண்டவன், அடுத்தமுறை அதே அதிகாரம் 'காற்றும் வெயிலும் நல்லவை' என்று உண்மையே பேசினாலும் எப்படி நம்புவான்? மக்களின் நம்பிக்கையைச் செலவழித்துத் தீர்த்தவர்களே பொய் விளையும் நிலத்தை உழுதார்கள்.

நாம் செய்யத்தக்கது

அந்த நிலத்தைத் திருத்த முடியாதா? முடியும் என்பதற்குச் சம்பூர் சான்று. போரினால் வீடிழந்த மக்களின் அந்த மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி நிலையம் ஒன்றை இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து கட்ட ஒப்பந்தமாகியிருந்தது. மக்கள் எதிர்த்தனர், வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது, 2016இல் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. 2021இற் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று இலங்கை உலக அரங்கில் உறுதி கூறியது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கேள்வி கேட்ட மக்கள் நாட்டுக்குத் தடையாகவில்லை. நாட்டை ஒரு பெருஞ்செலவிலிருந்து காத்தார்கள்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுக்கதையைக் கேட்டவுடன் சீறவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இதை அளந்தவர் யார்? இதனால் ஆதாயம் யாருக்கு? இதன் செலவு யார் தலையில்? கரி மலிவு என்பவரிடமும் இம்மூன்றைக் கேட்போம். காற்றாலைக்காரரிடமும் இவற்றையே கேட்போம். ஒரு பக்கத்துக்கு மட்டும் கேள்வி, மறுபக்கத்துக்கு மன்னிப்பு என்றால் நாமும் பிரசாரகர் ஆகிவிடுவோம்.

நுரைச்சோலையில் அடுத்த பருவக்காற்றும் எழும். அதற்குக் கட்சியும் கம்பனியும் இல்லை. புகைபோக்கி நின்ற கரையில் அது சாம்பலைச் சுமக்கப்போகிறதா, விளக்கை ஏற்றப்போகிறதா என்பதை நிச்சயிக்க வேண்டியவர்கள், அந்தச் சாம்பலை இதுவரை சுவாசித்த மக்களே. அவர்கள் கையில் சரியான கணக்கைச் சேர்ப்பது படித்தவர் கடமை.